சமுதாய வளைகாப்பு: எந்தச் சமுதாயம்?



கல்லூரி படிக்கிற பையன் வளைகாப்பைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிரிக்காதீர்கள். இந்த விஷயத்தை ஆம்பளைங்க எழுதுவதில்லை, பேசுவதில்லை, அந்தப் பக்கமே போவதில்லை என்பதுதான் நான் எழுதுவதற்கு முதல் காரணம். இரண்டாவது காரணம் ஒரு சொல்.

"சமுதாயம்" என்ற சொல்லை எங்கள் அரும்பாவூர் பக்கத்தில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? (உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும், மறைக்காதீர்கள்!) டீக்கடையில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து "அவங்க என்ன சமுதாயம்?" என்று கேட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். கல்யாண மண்டபத்துக்கு வெளியே "நமது சமுதாய மக்களே திரண்டு வாரீர்" என்று ஃபிளெக்ஸ் வைத்தால் அதற்கும் அதே அர்த்தம்தான். அகராதியில் ஊர், நாடு, மனித குலம் என்று என்னென்னவோ இருக்கலாம். தெருவில் அது சாதிதான்.

அந்தச் சொல்லை எடுத்துத்தான் தமிழ்நாடு அரசு ஒரு விழாவுக்குப் பெயர் வைத்தது. சமுதாய வளைகாப்பு. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில், அதாவது நம்ம அங்கன்வாடி துறையில், நடத்துகிறார்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வட்டாரத்தில் உள்ள கர்ப்பிணிகளை ஒரு மண்டபத்துக்கு அழைத்து வந்து வரிசையாக நாற்காலியில் உட்கார வைப்பார்கள். முன்னால் தட்டுத் தட்டாக வெற்றிலை பாக்கு, பூ, பழம், மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல். கன்னத்தில் சந்தனம் பூசி, வளையல் போட்டு, ஆரத்தி எடுத்து முடிந்ததும் ஒரு டாக்டரோ செவிலியரோ சத்துணவு பற்றிப் பேசுவார். கடைசியில் புளி சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று கலவை சாதப் பந்தி.

வீட்டு வளைகாப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். வீட்டில் செய்வது பெரும்பாலும் தலைப்பிள்ளைக்கு மட்டும்தான். இரண்டாவது பிள்ளைக்கு யாரும் வளையல் போடுவதில்லை. வசதி இல்லாத வீட்டில் முதல் பிள்ளைக்கும் கிடையாது. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்ட பெண்ணுக்குச் சீர் கொண்டு வர ஆளே இருக்காது. இங்கே அந்தப் பெண்ணும் அதே வரிசையில்தான் உட்காருகிறாள். ஊர்த்தெருப் பெண்ணும் காலனிப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே அண்டாவில் கிளறிய சாதத்தைச் சாப்பிடுகிறார்கள். இதே இரண்டு பேரும் ஊரில் ஒரே திருவிழாவில் ஒரே பந்தியில் உட்கார முடியுமா என்று யோசித்தால், இதை வெறும் "அரசு விழா" என்று தள்ளிவிட முடியாது. சாதிக்குக் குத்தகை போயிருந்த ஒரு சொல்லை ஒரு மதிய நேரத்துக்காவது மீட்டிருக்கிறார்கள். யார் யோசித்ததோ, அவருக்கு ஒரு கும்பிடு.

சரி, பாராட்டு முடிந்தது.

பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த விழாவுக்கு, பொருள் இறக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வண்டியில் இருந்து அண்டா இறக்கியது, நாற்காலி போட்டது, பூ கட்டுக் கொண்டு வந்தது வரைக்கும் ஒரு அங்கன்வாடி அக்கா ஓடி ஓடி வேலை செய்தார். வளையல் போடும் நேரம் வந்ததும் அவர் மெதுவாகச் சுவரோரம் நகர்ந்து பின்னால் போய் நின்றுகொண்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. யாரும் வா என்று கூப்பிடவும் இல்லை. அவர் கணவரை இழந்தவர்.

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அந்த வேலைகளில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்த மாநிலத்துக் குழந்தைகளுக்குச் சோறு போட்ட கைகளில் எத்தனையோ கைகள் வளையல் இல்லாத கைகள். அந்தக் கை போட்ட சோற்றை நம் பிள்ளை சாப்பிடலாம், அந்தக் கை எடை பார்க்கலாம், வீடு வீடாக வந்து கணக்கெடுக்கலாம். அந்தக் கை ஒரு கர்ப்பிணியின் கையில் வளையல் போட்டால் மட்டும் ஆகாதாம். இது என்ன நியாயம்? அரசு செலவில், அரசு மண்டபத்தில் நடக்கிற விழாவில் முதல் வளையலை அந்த ஊர் அங்கன்வாடி பணியாளர்தான் போட வேண்டும், அவர் யாராக இருந்தாலும் சரி என்று ஒரு வரி உத்தரவு போட்டால் என்ன? கொஞ்ச நாள் முணுமுணுப்பார்கள். அப்புறம் பழகிவிடும். பக்கத்துப் பக்கத்து நாற்காலி பழகவில்லையா?

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போம் (போரடித்தாலும் படியுங்கள், இதுதான் முக்கியம்).

தமிழ்நாட்டில் 2001-03 காலகட்டத்தில் ஒரு லட்சம் உயிருடன் பிறந்த குழந்தைகளுக்கு 134 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 2018-20-ல் அது 54. அதே காலத்தில் இந்தியாவின் சராசரி 301-லிருந்து 97. மருத்துவமனையில் பிரசவம் என்பது இங்கே கிட்டத்தட்ட நூறு சதவீதம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 99.6. இது சும்மா வந்துவிடவில்லை. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008 செப்டம்பரில் ஓட ஆரம்பித்த 108 ஆம்புலன்ஸ், ஒவ்வொரு தாய் இறப்பையும் ஏன் எப்படி என்று 1994 முதல் விசாரித்து எழுதி வைக்கிற பழக்கம், எல்லாவற்றுக்கும் மேலே சமவெளியில் 5000 பேருக்கு ஒருவர், மலைப்பகுதியில் 3000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் நியமிக்கப்பட்ட கிராம சுகாதார செவிலியர்கள். நம்ம ஊரில் "நர்சம்மா" என்று சொல்வோமே, அவர்கள்தான். பச்சைமலை அடிவாரத்தில் பஸ் போகாத ஊருக்கும் அவர்கள் கால் போயிருக்கிறது.

ஆக ஆஸ்பத்திரிப் பாதியை நாம் ஜெயித்துவிட்டோம். வீட்டுப் பாதி?

2015-16 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 44.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2019-21-ல் 48.3 சதவீதம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ரத்தசோகை 50.7-லிருந்து 57.4 ஆகியிருக்கிறது. குறையவில்லை, கூடியிருக்கிறது! பாதிக் கர்ப்பிணிகளுக்கு உடம்பில் போதுமான ரத்தம் இல்லை. பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமானால் நல்ல ரத்தம் உள்ள பெண் தாங்குகிற இழப்பை இவர்களால் தாங்க முடியாது.

மாத்திரை இல்லாமலா? இருக்கிறது. சிவப்பு கலர் இரும்புச்சத்து மாத்திரை எல்லாக் கர்ப்பிணிக்கும் இலவசம். குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டும். கொடுத்ததற்குக் கணக்கு இருக்கிறது. விழுங்கியதற்குக் கணக்கு வீட்டில்தான் இருக்கிறது. சாப்பிட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பயந்து விட்டுவிடுகிறார்கள். "மாத்திரை போட்டா பிள்ளை கறுப்பா பொறக்கும்" என்கிறார் ஒரு பாட்டி. "பிள்ளை பெருசாயிடும், அப்புறம் ஆபரேஷன்தான்" என்கிறார் ஒரு அத்தை. ஆபரேஷன் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த மாநிலத்தில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம் என்றால் பயம் வரத்தானே செய்யும்? ஆனால் அந்தப் பயத்தில் நிறுத்தப்படுவது மாத்திரை. அதுதான் கொடுமை.

இன்னொன்று, எல்லார் வீட்டிலும் நடப்பது. கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார்? மாமனார், கணவர், பிள்ளைகள், மாமியார் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிச்சம் இருப்பதைச் சாப்பிடுவது மருமகள். கர்ப்பிணியானாலும் அதே வரிசைதான். கீரை ஆய்ந்து கடைந்தவளுக்குக் கீரை மிஞ்சாது. சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டீ. டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, எலுமிச்சையும் நெல்லிக்காயும் சேர்த்துவிடும் என்பது பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். அடுப்படியில் அதை யாரும் சொல்வதில்லை.

இதனால்தான் சமுதாய வளைகாப்பில் எனக்குப் பெரிய வருத்தம். மாத்திரையைப் பற்றிப் பேசும் அந்தப் பத்து நிமிஷத்தை யார் கேட்கிறார்கள்? கர்ப்பிணிகள். மாத்திரையை நிறுத்தச் சொல்கிற பாட்டி அங்கே இல்லை. முதல் கவளத்தைச் சாப்பிடுகிற கணவன் இல்லவே இல்லை, அவன் மண்டபத்துக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்து மொபைல் பார்த்துக்கொண்டிருக்கிறான். கேட்க வேண்டியவர்களை வெளியே விட்டுவிட்டு, ஏற்கனவே தெரிந்தவளுக்கே திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அவளுக்குத் தெரியாததால் அவள் சாப்பிடாமல் இல்லை!

இதில் ஆச்சரியம் என்னவென்றால், குடும்பத்தை உள்ளே விட்டால் நல்லது என்று இதே அரசு ஒரு விஷயத்தில் கண்டுபிடித்துச் செய்தும் காட்டியிருக்கிறது. 2004-ல் அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் அம்மாவோ அக்காவோ அத்தையோ ஒரு பெண் துணைக்கு இருக்கலாம் என்று அனுமதித்தார்கள். வலியில் கத்துகிற பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள தெரிந்த கை ஒன்று. மருந்து கிடையாது, மெஷின் கிடையாது. பிரசவ அறைக்குள் விட்ட குடும்பத்தைப் பந்தலுக்குள் விட ஏன் யோசிக்கிறோம்?

"பேசினால் மட்டும் எல்லாம் மாறிவிடுமா?" என்று என் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. பதிலை நேபாளத்தில் இருந்து கொண்டு வருகிறேன். அங்கே மக்வான்பூர் மாவட்டத்தில் ஒரு ஆய்வு நடந்தது, முடிவுகள் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. செய்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு பகுதியிலும் உள்ளூர்ப் பெண் ஒருவரைப் பயிற்சி கொடுத்து அமர்த்தி, மாதம் ஒருமுறை பெண்களைக் கூட்டி, பிரசவத்திலும் பச்சிளங்குழந்தைகளுக்கும் என்ன சிக்கல் வருகிறது, நாமே என்ன செய்யலாம் என்று பேச வைத்தார்கள். சொற்பொழிவு கிடையாது. அவர்களே பேசி, அவர்களே முடிவெடுத்தார்கள். அப்படிக் கூட்டம் நடந்த பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 30 சதவீதம் குறைவாக இருந்தது. நேபாளம் வேறு நாடு என்பீர்களா? ஜார்கண்ட், ஒடிசாவில் ஏக்ஜுட் என்ற அமைப்பு பழங்குடி மக்கள் அதிகம் வாழும் மாவட்டங்களில் இதையே செய்தது. 2010-ல் வந்த முடிவு 32 சதவீதக் குறைவு. 2014-ல் உலக சுகாதார நிறுவனமே இந்த முறையைப் பரிந்துரைத்தது.

அங்கே இறப்பு விகிதம் அதிகம், ஆஸ்பத்திரி வசதி குறைவு, அதனால் பலனும் பெரிதாகத் தெரிந்தது. இங்கே அதே 30 சதவீதம் வரும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம்மிடம் மிச்சம் இருக்கிற வேலை எல்லாமே வீட்டுக்குள் நடக்கிற வேலை. அதற்கு இந்த மாதிரிப் பேச்சுத்தான் கருவி. வருஷத்தில் ஒரு நாள் மைக் வைத்துப் பேசுவது அல்ல, மாதா மாதம் பேசுவது.

இதற்குப் புதிதாகக் கூட்டம் சேர்க்கக்கூட வேண்டாம். தர்மபுரியில் 1989-ல் தொடங்கி இன்று தெருவுக்கு ஒன்று என்று மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. தவறாமல் கூடுகிறார்கள். தவணை கட்டாதவள் யார் என்று கணக்குப் பார்க்கிறார்கள். அதே கூட்டத்தில் கால் மணி நேரம், நம்ம தெருவில் யார் மாசமாக இருக்கிறாள், ரத்தம் எவ்வளவு இருக்கிறது, மாத்திரை போடுகிறாளா, நடுராத்திரி வலி வந்தால் கூடப் போக யார் இருக்கிறார்கள் என்று பேசலாமே. அந்தக் கூட்டத்தில் மாமியார்களும் உண்டு என்பதுதான் இதில் விசேஷம். கடன் வசூலில் காட்டுகிற கண்டிப்பில் பாதியைக் கீரையில் காட்டினால் போதும் :-)

நம் பழைய பழக்கங்கள் எல்லாம் மூடத்தனம், நர்சம்மா சொல்வது மட்டும்தான் அறிவு என்று பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்புவது எவ்வளவு நல்ல ஏற்பாடு! கடைசி மாதங்களில் அவளுக்கு ஓய்வு கிடைக்கிறது, முதல் ஆளாகச் சாப்பாடு கிடைக்கிறது. பிள்ளை பெற்ற உடம்புக்குப் பூண்டுக் குழம்பும் கருவாடும் வைத்துக் கொடுக்கிற அம்மாவை எந்தத் திட்டம் கொடுக்க முடியும்? ஆனால் அதே அன்பான கைதான் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறது. நல்ல குணமுள்ள பெரியவர் சர்க்கரைத் தண்ணீரை முதலில் நாக்கில் தொட்டு வைத்தால் பிள்ளைக்கு அந்தக் குணம் வருமாம். சில இடங்களில் கழுதைப்பால்கூட உண்டு. மஞ்சளாக இருக்கிறது என்று சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு இதைக் கொடுப்பார்கள். முதல் தடுப்பு மருந்தே சீம்பால்தான். அந்தப் பெரியவரை அவமானப்படுத்தாமல், "தாத்தா, நீங்க நெத்தியில தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க, நாக்குல வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்த நர்சம்மாக்கள் இருக்கிறார்கள். அந்தச் சாமர்த்தியத்துக்கு எந்தப் பயிற்சி முகாமிலும் சான்றிதழ் தருவதில்லை.

விழாவுக்கே வராதவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-ல் 300 ரூபாயில் தொடங்கியது, 2006-ல் 6000, 2011-ல் 12000, 2018-ல் 18000 என்று வளர்ந்தது. அதில் 4000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் அடக்கம். நல்ல திட்டம். ஆனால் 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும் என்று நிபந்தனை. இளவயதுக் கல்யாணத்தையும் அதிகப் பிள்ளையையும் ஊக்குவிக்கக் கூடாது என்று காரணம் சொல்வார்கள். கல்யாண வயதைத் தீர்மானித்தது அந்தப் பெண்ணா? மூன்றாவது பிள்ளை வேண்டும் என்று முடிவெடுத்தது அவளா? உடம்பு முற்றாத 17 வயசுப் பெண்ணும், மூன்றாவதைச் சுமக்கிற ரத்தமில்லாத பெண்ணும்தான் அதிக ஆபத்தில் இருப்பவர்கள். உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டோம்.

18 வயதுக்குக் கீழே என்றால் இன்னும் சிக்கல். 2012 போக்சோ சட்டப்படி மருத்துவமனை காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சட்டம் சரிதான், குழந்தைகளைப் பாதுகாக்கத்தான் அது. ஆனால் பயந்த குடும்பம் என்ன செய்கிறது? கர்ப்பத்தைப் பதியாமல் மறைக்கிறது, வேறு ஊருக்கு அனுப்புகிறது. கடைசி நேரத்தில் ஆதார் கார்டில் வயதைப் பார்த்துத்தான் எல்லாருக்கும் தெரிகிறது. 2019-21 கணக்கெடுப்பில் 20-24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18-க்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள். ஊருக்கே தெரிந்து, பத்திரிகை அடித்து, மொய் எழுதித்தான் அந்தக் கல்யாணங்கள் நடந்தன. மொய் எழுதிய சமுதாயம் பிரசவத்தில் அந்தப் பெண்ணுக்கு என்ன எழுதியது?

அப்புறம், பிறந்தது பெண் என்றால்... 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெரம்பலூர் மாவட்டத்தில் 913 பெண் குழந்தைகள், அரியலூரில் 897. மொத்த மக்கள்தொகையில் பெரம்பலூரில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், குழந்தைகள் கணக்கில் மாட்டிக்கொண்டோம். சேலத்தில் 1992-ல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2011-ல் நம் இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து விரிவாக்கினார்கள் என்றால் அது பெருமையா? வளைகாப்பில் ஆரத்தி எடுத்தபடியே "சிங்கக்குட்டி மாதிரி ஆம்பளப் பிள்ளையா பெத்துக் குடு" என்று வாழ்த்துகிற பெரியம்மா கெட்டவர் இல்லை. அந்த வாழ்த்தைக் கேட்டுக்கொண்டு வயிற்றில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறது, அவ்வளவுதான்.

நம் பக்கத்துக்கு நல்லது எதுவும் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தார்கள். கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுக்கும் "ஊட்டச்சத்தை உறுதி செய்" இரண்டாம் கட்டத்தை 2024 நவம்பரில் முதலமைச்சர் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில்தான் தொடங்கி வைத்தார். குழந்தை மெலிந்தால் தாய்க்குச் சோறு போடு என்கிற அந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. பெட்டகத்தில் இருக்கிற நெய்யும் பேரீச்சம்பழமும் அந்தத் தாயின் வாய்க்குத்தான் போகிறதா, இல்லை வீட்டில் எல்லாருக்கும் பங்காகிறதா என்று பார்க்க முதலமைச்சர் வர முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் வரலாம்.

எங்கள் கல்லூரியில் ரத்ததான முகாம் நடந்தது. பையன்களும் பெண்களும் வரிசையில் நின்றோம். 18 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "உனக்கே ரத்தம் இல்லம்மா, போய் நல்லா சாப்பிடு" என்று வரிசையாகப் பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள், நாங்கள் கிண்டல் செய்தோம். பள்ளியில் படிக்கும்போது வாரம் ஒரு நீல மாத்திரை கொடுப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே மழை பெய்து ஓய்ந்தால் மண்ணில் நீலக் கறை தெரியும். இன்னும் நாலைந்து வருஷத்தில் இதே பெண்கள்தான் சமுதாய வளைகாப்பு நாற்காலியில் உட்காரப் போகிறார்கள். பைக்கில் உட்கார்ந்து மொபைல் பார்க்கப் போவது நாங்கள்தான்.

அடுத்த முகாமில் திருப்பி அனுப்பப்படுகிற பெண்களின் பெயரை அப்படியே விட்டுவிடாமல், அங்கேயே மாத்திரை கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி விரலைக் குத்திப் பார்க்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். "எழுதிக் குடுப்பா, பார்க்கலாம்" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.